பெரிய பெருக்கு வராத வெள்ளிக்கிழமை

அலெக்சாந்திரியாவில் மழைக்குப் பெயர் உண்டு, தேதியும் உண்டு. கடலிலிருந்து கிளம்பி வந்து நாலைந்து நாள் ஊரைப் புரட்டி எடுக்கும் குளிர்காலப் புயல்மழையை நாங்கள் நவ்வா என்போம். நோன்பு, பெருநாள், பள்ளி விடுமுறையோடு சேர்த்து நவ்வாக்களையும் சுவர் நாட்காட்டியில் அச்சடித்துவிடுவார்கள். டிசம்பரில் இன்னது, புத்தாண்டுக்கு இன்னது, ஜனவரி பன்னிரண்டாம் தேதி பெரிய பெருக்கு என்று வரிசையாக இருக்கும். தொலைக்காட்சியில் வானிலை சொன்னால் இந்த ஊர்க்காரன் சிரிப்பான். நாட்காட்டி சொன்னால் ஓடிப்போய் மாடியில் காயும் துணியை எடுப்பான்.

லிஃப்ட் மெக்கானிக் ஷவ்கியும் அப்படிப்பட்ட ஊர்க்காரன்தான். ஆனால் அந்த வருஷம் பெரிய பெருக்கை அவனைப்போல் எதிர்பார்த்தவர் ஊரில் வேறு யாரும் இருந்திருக்க மாட்டார்கள். பன்னிரண்டாம் தேதி வெள்ளிக்கிழமை. அன்று மழை பெய்தால்தான் தன் இரண்டு பிள்ளைகளோடும் ஒரு கூரைக்கு அடியில் உட்கார அவனுக்கு வாய்க்கும்.

ஷவ்கிக்கு நாற்பது வயது. முஹர்ரம் பே என்கிற பேட்டையில் பிறந்தவன். பாதி ஆயுளை லிஃப்ட் குழிகளுக்குள் கழித்தவன். மரக்கதவும் பித்தளைப் பிடியும் வைத்த பழைய லிஃப்டானாலும் சரி, நேற்று மாட்டிய புது லிஃப்டானாலும் சரி, அவன் கை படாதது இங்கே குறைவு. யாராவது இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்டால், மேலே இருந்து அவர்களோடு ஊர்க்கதை பேசியபடியே வேலை பார்ப்பான். வெளியே வருகிறவர்கள் அழுதுகொண்டு வர மாட்டார்கள், சிரித்துக்கொண்டுதான் வருவார்கள். அவ்வளவு நல்ல மனுஷன். அந்த நல்ல குணமே அவனுக்கு வியாதியாகவும் போனது. யார் கூப்பிட்டாலும் இல்லை என்று சொல்ல வராது. வீட்டில் "இதோ வந்துட்டேன்" என்பான், மூன்று மணி நேரம் கழித்து வருவான். மகன் பிறந்த அன்று ஒன்பது மாடிக் கட்டிடம் ஒன்றின் உச்சியில் கயிறு மாற்றிக்கொண்டிருந்தான்.

மனைவி இப்திஹால் தொடக்கப்பள்ளியில் கணக்கு டீச்சர். இரண்டும் இரண்டும் நாலு என்றால் நாலுதான், அவளிடம் நாலே கால் கிடையாது. இல்லாததை இருக்கிறது என்று சொல்லி அவளுக்குப் பழக்கமே இல்லை. ஒரு நாள் சத்தம் போடாமல் சொன்னாள்: "ஊர்ல லிஃப்ட்ல மாட்டின அத்தன பேரையும் காப்பாத்தியாச்சு. நடுவுல மாட்டிக்கிட்டு நிக்கிறது நான் ஒருத்திதான்." மகன் அனஸுக்கு எட்டு மாதமாக இருந்தபோது விவாகரத்து ஆனது. இரண்டு பேர்மேலும் எனக்குக் கோபம் இல்லை. எனக்குக் கோபமெல்லாம் அந்தத் தோட்டத்து பெஞ்சின்மேல்தான்.

நீதிமன்றம் வாரத்துக்கு மூன்று மணி நேரம் கொடுத்தது. வெள்ளிக்கிழமை இரண்டு முதல் ஐந்து வரை, ஸிதி பிஷ்ர் பக்கத்து இளைஞர் மன்றம் ஒன்றின் தோட்டத்தில், தாய் பக்கத்தில் இருக்க, பதிவேடு எழுதும் மேடம் இஃப்பத்தும் இருக்க, அவன் பிள்ளைகளைப் பார்க்கலாம். அந்த நேரத்தில் இன்னும் ஏழெட்டுக் குடும்பங்கள் இதே மாதிரி வரும். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு சிமெண்ட் பெஞ்சு. யாரும் எழுதி வைக்கவில்லை, ஆனால் ஒருவர் பெஞ்சில் இன்னொருவர் உட்கார்ந்தால் சண்டை வரும். அப்பன்மார் கை நிறைய பொம்மையும் சிப்ஸ் பொட்டலமும் கொண்டு வருவார்கள். பிள்ளைகள் சிப்ஸை நொறுக்கிக்கொண்டு ஐந்து மணிக்குக் காத்திருக்கும். தாய்மார் அடுத்த பெஞ்சில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்ப்பார்கள். பஸ் நிறுத்தத்தில்கூட இதைவிடக் கொஞ்சம் சந்தோஷம் இருக்கும்.

எட்டு வயது ரீமுக்குப் பரவாயில்லை. அவளுக்குப் பழைய வீடு நினைவிருந்தது, வாயும் நீளம். வந்து உட்கார்ந்ததும் ஒரு வாரத்துக் கதையைக் கொட்டிவிடுவாள். நாலு வயது அனஸ் அப்படியில்லை. பெஞ்சின் மறு கோடியில் உட்கார்ந்து சிப்ஸ் பொட்டலத்துக்குள் தலையை விட்டுக்கொள்வான். ஷவ்கியை அவன் "தோட்டத்து மாமா" என்றுதான் கூப்பிட்டான்.

"மாமா இல்லடா, பாபா," என்று ரீம் திருத்துவாள்.

"சரி, பாபா மாமா," என்பான் அவன் பெரிய மனது பண்ணி.

எல்லோரும் சிரிப்பார்கள். ஷவ்கியும் சிரிப்பான். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அது நெஞ்சில் முள்ளாகக் குத்தும். தன் ரத்தம் தன்னை மாமா என்று கூப்பிடுவதைக் கேட்டுக்கொண்டு வாரம் முழுக்க வேலை செய்வது லேசான காரியமா?

புத்தாண்டு நவ்வாவின்போது வந்த வெள்ளிக்கிழமைதான் எல்லாவற்றுக்கும் வழிவிட்டது. அன்று கொட்டோ கொட்டென்று கொட்டியது. மழை என்று தாய் வராமல் இருந்தால் அவள் பெயருக்கு நேரே குறி விழும், தகப்பன் வராவிட்டால் அவன் பெயருக்கு நேரே விழும். அதனால் எல்லோரும் வந்து, சைக்கிள் நிறுத்தும் தகரக் கொட்டகைக்கு அடியில் நனைந்த கோழிகளாக மூன்று மணி நேரம் நின்றார்கள். அனஸ் தும்மத் தொடங்கினான். மேடம் இஃப்பத்துக்கே மனசு கேட்கவில்லை. இரு தரப்பும் சம்மதித்தால் மோசமான வானிலையை முன்னிட்டு வேறு பொது இடத்துக்கு மாற்றிக்கொள்ள விதியில் இடம் இருக்கிறது என்று அவள்தான் சொன்னாள்.

இப்திஹாலுடைய வக்கீல், கயிற்றை ஒரு முழம் விட்டால் இந்த மனுஷன் ஒன்பது முழம் இழுப்பான் என்று எச்சரித்து வைத்திருந்தார். அது பொய்யும் இல்லை.

"மழ பெஞ்சா மட்டும்," என்றாள். "நாலு பேர் வந்து போற இடமா இருக்கணும், மேல கூரை இருக்கணும், நானும் கூட இருப்பேன். அஞ்சு மணின்னா அஞ்சு மணி. மழ இல்லன்னா இதே பெஞ்சுதான். அப்புறம் அது இதுன்னு சாக்கு சொல்லக்கூடாது. சம்மதமா, உஸ்தா ஷவ்கி?"

விவாகரத்துக்குப் பிறகு, தொழில்காரரை ஊரார் மரியாதையாக அழைப்பதுபோல உஸ்தா என்றுதான் அவனைக் கூப்பிட்டாள்.

"சம்மதம். வாக்கு," என்றான்.

அவன் வாக்கின் யோக்கியதை அவளுக்குத் தெரியும். ரீம் மட்டும் அம்மாவின் சட்டையை இழுத்து, "அடுத்த வெள்ளிக்கிழம பெரிய பெருக்கு! நாட்காட்டியில இருக்கு!" என்று குதித்தாள்.

மறுநாளிலிருந்து ஷவ்கி வானத்தைப் பார்க்க ஆரம்பித்தான். கூட வேலை செய்யும் ஜாபிருக்கு அது பொறுக்கவில்லை. ஜாபிர் அவனைவிடப் பத்து வயது பெரியவர், முழங்கால் வாதக்காரர்.

"டேய், உனக்கு மூளை கழண்டுடுச்சா? மழ பெஞ்சா நம்ம பொழப்பு என்ன ஆகும்? ஊர்ல இருக்கிற லிஃப்ட் குழி பூரா கிணறாயிடும். இடுப்பளவு தண்ணியில நின்னு வாளியால இறைக்கிறவன் மழ வேணும்னு துவா கேக்குறான்! எங்கயாச்சும் உண்டா இது?"

"ஒரே ஒரு வெள்ளிக்கிழமைதான் அண்ணே."

"அன்னிக்கு குழியில யாரு இறங்குவா?"

"நீங்கதான்."

ஜாபிர் வாயில் வந்ததை இங்கே எழுத முடியாது. அவர் திட்டி முடிக்கும்வரை பொறுத்திருந்து ஷவ்கி மெதுவாகச் சொன்னான்: "அண்ணே, அன்னிக்கு என் ஃபோனையும் நீங்கதான் வெச்சுக்கணும்."

அதைக் கேட்டதும் அவர் கையில் இருந்த ஸ்பானரைக் கீழே வைத்தார். குளிக்கும்போதுகூட ஃபோனை ஜன்னல் திட்டில் வைத்துக்கொண்டு, சோப்பு நுரையோடு "இதோ வந்துட்டேன்" சொல்கிறவன் ஷவ்கி.

"குடுடா," என்றார் கடைசியில். "என் முழங்காலு உன் பிள்ளைங்களுக்கு நேர்ந்துவிட்டதுன்னு நெனச்சுக்கறேன்."

இனி எங்கே போவது என்ற கேள்வி. நவ்வா நாளில் பிள்ளைகுட்டிக்காரர்கள் படும் பாடு ஊருக்கே தெரியும். இரண்டு அறை வீடு, நாற்காலி முதுகிலெல்லாம் ஈரத்துணி, மூன்று பிள்ளைகள், இரண்டாம் நாளே தாய்க்கு யாரையாவது ஜன்னல் வழியே தூக்கிப் போடலாமா என்று தோன்றிவிடும். வசதிக்காரர்கள் பெரிய வணிக வளாகங்களுக்குப் போவார்கள். மற்றவர்கள் ட்ராமில் ஏறி இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை போய்வருவார்கள், அல்லது ரயில் நிலையத்தில் நின்று எஞ்சினுக்குக் கை காட்டுவார்கள். எல்லாவற்றையும்விட நல்ல இடம் நாற்காலி, கட்டில் விற்கும் பெரிய கடை. சூடாக இருக்கும், உட்கார இடத்துக்குப் பஞ்சமில்லை, நுழைவுச் சீட்டும் கிடையாது. மழைநாளில் குடும்பம் குடும்பமாக உள்ளே நுழைவார்கள். பிள்ளைகள் கட்டில் கட்டிலாகத் தாவும். தாய்மார் ஒவ்வொரு அலமாரியையும் திறந்து மூடிக் குறை சொல்வார்கள். தகப்பன்மார் பிளாஸ்டிக் உறை போட்ட சோபாவில் பத்திரிகை படிப்பார்கள். வாங்குகிறவர் மட்டும் ஒருத்தரும் இருக்க மாட்டார்.

ஷவ்கி பராமரிக்கும் லிஃப்டுகளில் ஒன்று ஹாஜ் ஃபத்ஹல்லாவின் ஐந்து மாடிக் கடையில் இருந்தது. போய்க் கேட்டான்.

"தாராளமா கூட்டிட்டு வா," என்றார் ஹாஜ். "மழ பெஞ்சா என் கடை சத்திரம்தானே! ஒருத்தனும் வாங்க மாட்டான். ஆனா ஒண்ணு. மழையில என் சோபாவில உக்காந்து ருசி கண்டவன் கோடையில வந்து வாங்காம இருக்க மாட்டான். முப்பது வருஷமா பாக்குறேன்."

வியாழன் மாலை வடக்கே கடலுக்குமேல் கருப்பாக ஒரு கோடு தெரிந்தது. அவன் உச்சி குளிர்ந்தது. ஆரஞ்சுப் பழமும் பாலாடைக்கட்டி ரொட்டியும் வாங்கி வைத்தான். சட்டையை இஸ்திரி போட்டான். கூரையில் முதல் தூறல் விழும் சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டே படுத்தான்.

வெள்ளிக்கிழமை விடிந்தது. அப்படியொரு வெயிலை ஜனவரியில் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். வானம் கழுவித் துடைத்து வைத்த தட்டு மாதிரி இருந்தது. கடல் அசையவே இல்லை. பெரிய பெருக்கு எங்கே போய்த் தொலைந்தது என்று யாருக்கும் தெரியவில்லை, யாரும் கவலைப்படவும் இல்லை. ஊரே பெட்டியும் பந்துமாகக் கடற்கரைச் சாலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தது. ஜும்ஆ தொழுகையில் இமாம் இந்த அருமையான வெயிலுக்காக இறைவனுக்கு நன்றி சொன்னார். எல்லோரும் ஆமீன் என்றார்கள். ஷவ்கியும் சொன்னான். அவன் வாய் மட்டும்தான் சொன்னது.

இரண்டு மணிக்கு இளைஞர் மன்றத்தின் வாசலில் நின்றான். தூரத்தில் இப்திஹால் வருவது தெரிந்தது. அவளுக்கு இரண்டு பக்கமும் இரண்டு மஞ்சள் உருவங்கள். ரீம் கழுத்துவரை பொத்தான் போட்ட மழைக்கோட்டும் முழங்கால்வரை ரப்பர் பூட்ஸும் போட்டிருந்தாள். அனஸும் அதேபோல. அவன் பூட்ஸ் மட்டும் கால் மாறி இருந்தது. இருவர் முகத்திலும் வேர்வை வழிந்தது. வாசலில் நின்ற ஒரு தகப்பன் சிரிப்பை அடக்க இருமிக்கொண்டார்.

"காலையில இருந்து கழட்ட மாட்டேங்குறா," என்றாள் இப்திஹால் பல்லைக் கடித்துக்கொண்டு. "அவளப் பாத்து அவனும். நானும் மூணு தடவ சொல்லிப் பாத்துட்டேன்."

"போலாமா, பாபா?" என்றாள் ரீம்.

பழைய ஷவ்கியாக இருந்தால் இந்நேரம் ஏழு சாக்கு கண்டுபிடித்திருப்பான். மதியத்துக்குமேல் மழை வரும், அந்தக் கோடியில் தூறுகிறது, ஒரே ஒரு தடவை, கால் மணி நேரம். வாய்வரைக்கும் வந்தும்விட்டது. அவன் அதை விழுங்கிக்கொண்டான்.

"மழ இல்லையேம்மா. மழ பெஞ்சாத்தான்னு உங்கம்மாகிட்ட வாக்குக் குடுத்திருக்கேன்."

"நாட்காட்டியில இன்னிக்குப் பெரிய பெருக்குன்னு போட்டிருக்கு!"

"போட்டிருக்குதான். அது வரலையே."

"அப்ப நாட்காட்டி தப்பா, வானம் தப்பா?"

"எனக்குத் தெரியலடா கண்ணு. வா, பெஞ்சுல உக்காரலாம்."

அவர்களுடைய பெஞ்சில் போய் உட்கார்ந்தார்கள். ரீம் வாய் திறக்கவில்லை. அவள் வாய் திறக்காமல் இருப்பதை ஷவ்கி அன்றுதான் பார்த்தான். அனஸ் வழக்கம்போல மறு கோடிக்குப் போய், "மழ எங்க?" என்று பெஞ்சுக்கு அடியில் குனிந்து தேடினான். ஷவ்கி அவன் பூட்ஸைக் கால் மாற்றிப் போட்டுவிடலாம் என்று கையை நீட்டினான். பையன் காலை இழுத்துக்கொண்டான். வெயில் சுள்ளென்று அடித்தது. மற்ற பெஞ்சுகளில் எல்லோரும் அன்று உற்சாகமாக இருந்தார்கள். அந்த உற்சாகத்துக்கு நடுவில் மஞ்சள் கோட்டோடு உட்கார்ந்திருந்த தன் மகளைப் பார்க்க முடியாமல், அவன் ஆரஞ்சுப் பையின் முடிச்சை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக இருந்தான்.

அரை மணி நேரம் போயிருக்கும். அடுத்த பெஞ்சிலிருந்து இப்திஹால் கேட்டாள்: "உங்க ஃபோன் எங்க? இதுவரைக்கும் ஒரு தடவகூட அடிக்கல."

"ஜாபிர் அண்ணன்கிட்ட இருக்கு."

"ரிப்பேரா?"

"இல்ல. இன்னிக்கு என்கிட்ட இருக்க வேணாம்னு குடுத்துட்டேன்."

அவள் திரும்பி அவனைப் பார்த்தாள். பிறகு ரீமின் பூட்ஸைப் பார்த்தாள். கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்து, நேரே மேடம் இஃப்பத்தின் மேசைக்கு நடந்தாள். பிள்ளைகளுக்கு வேர்க்கிறது, இன்றைக்கு இத்தோடு போதும் என்று கையெழுத்துப் போடப் போகிறாள் என்றே ஷவ்கி நினைத்தான். பின்னாலேயே ஓடினான்.

மேடம் இஃப்பத் பதிவேட்டை வெயிலில் விரித்துப்போட்டுவிட்டுக் கம்பளி பின்னிக்கொண்டிருந்தாள்.

"எழுதிக்கோங்க மேடம்," என்றாள் இப்திஹால். "மழை காரணமா இடம் மாத்துறோம். எனக்குச் சம்மதம். அவருக்கும் சம்மதம்."

மேடம் இஃப்பத்தின் ஊசிகள் நின்றன. கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தாள்.

"எந்த மழ, டீச்சர்?"

"பெரிய பெருக்கு. இன்னிக்குத்தான் தேதி. நாட்காட்டியில இருக்கு."

அரை மதிப்பெண்ணைக்கூடச் சும்மா போடாத அந்தப் பெண்ணுக்குக் காது மடல் இரண்டும் சிவந்திருந்தன. ஆனால் குரல் ஆடவில்லை. மேடம் இஃப்பத் வானத்தைப் பார்த்தாள். பெஞ்சில் இருந்த இரண்டு மஞ்சள் கோட்டுகளைப் பார்த்தாள். பதினெட்டு வருஷமாக இந்தத் தோட்டத்தில் பிள்ளைகள் ஐந்து மணிக்குக் காத்திருப்பதைப் பார்த்துப் பார்த்துச் சலித்தவள் அவள். பேனாவை எடுத்து, மோசமான வானிலை என்று அழுத்தி எழுதினாள்.

"நாட்காட்டிய எதுத்து எழுத எனக்கென்ன அதிகாரம் இருக்கு?" என்றாள். "குடை கொண்டாரலையா உஸ்தா? சீக்கிரம் கெளம்புங்க, நனைஞ்சிடப் போறீங்க."

ஹாஜ் ஃபத்ஹல்லா கடை வாசலில் நாற்காலி போட்டு வெயில் காய்ந்துகொண்டிருந்தார். உள்ளே ஈ காக்கை இல்லை. உண்மையிலேயே மழை பெய்திருந்தால் அந்நேரம் கடைக்குள் ஐம்பது பிள்ளைகள் கத்திக்கொண்டிருக்கும். வெயில் அடித்த புண்ணியத்தில் ஐந்து மாடியும் இவர்களுக்கே.

"ஷவ்கி! இந்த வெயில்ல எவனாச்சும் கடைக்குள்ள வருவானா? மழ பெஞ்சாத்தானே வரேன்னு சொன்ன?"

ஷவ்கி பதில் தேடுவதற்குள் அனஸ் முந்திக்கொண்டான். "வெளிய உக்காராதீங்க மாமா. மழ பெய்யுது."

ஹாஜ் குனிந்து அவனை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். "அட, ஆமா," என்று எழுந்து, நாற்காலியை உள்ளே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

முதலில் லிஃப்ட். இப்திஹால் "நான் படியிலயே வரேன். ஒரு தடவ மாட்டினது போதும்," என்று சொல்லிவிட்டு நடந்தாள். அவள் உதட்டோரத்தில் சிரிப்பு இருந்ததோ இல்லையோ, ஷவ்கி இருந்ததாகவே எடுத்துக்கொண்டான். உள்ளே போனதும் பொத்தான் பெட்டியின் மூடியைத் திறந்து, ஒயர்களை அனஸுக்குக் காட்டினான். எந்த ஒயர் மேலே தூக்கும், எது கதவைத் திறக்கும் என்று சொன்னான்.

"இத யாரு ஓட்டுறா?" என்றான் பையன்.

"நான்தான் ஓட வெச்சேன்."

"நீயா?"

பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதனுக்குக் கைகள் இருக்கின்றன, அந்தக் கைகளுக்கு வேலை தெரியும் என்பது அனஸுக்கு அன்றுதான் தெரிந்தது. பதினோரு தடவை ஏறி இறங்கினார்கள். பத்தாவது தடவை அவனாகவே ஷவ்கியின் விரலைப் பிடித்துக்கொண்டான்.

நாலாவது மாடியில் வரிசையாக வரவேற்பறைகள் ஜோடித்து வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றிலும் சோபா, விளக்கு, விரிப்பு, பூ இல்லாத பூச்சாடி. ரீமுக்கு வாய் திரும்பிவிட்டது. "இது நம்ம வீடு. பாபா இங்க. அனஸ், நீ அங்க. அம்மா, நீங்க..."

"நான் விருந்தாளி," என்றாள் இப்திஹால் சட்டென்று. எதிர் சோபாவின் நுனியில் உட்கார்ந்து, "என்ன வீடும்மா இது, ஒரு டீகூடக் குடுக்க மாட்டீங்களா?" என்று அதட்டினாள். ரீம் வெறும் கையால் டீ ஊற்றிக் கொடுத்தாள். ஒரு வீடு அலுத்ததும் அடுத்த வீட்டுக்குக் குடிபோனார்கள். போன இடமெல்லாம் இப்திஹால் விருந்தாளிதான், அதில் அவள் தெளிவாக இருந்தாள். ஷவ்கியும் அதற்குமேல் ஆசைப்படவில்லை. ஆரஞ்சு உரித்துக் கொடுத்தான். ரீமின் கோட்டைக் கழற்றி மடித்து வைத்தான். அனஸின் மூக்கைத் துடைத்தான். இந்த மாதிரி அற்ப வேலைகளைச் செய்யக் கொடுத்துவைக்க வேண்டும் என்று நினைத்தபோது அவனுக்குச் சிரிப்பாகவும் இருந்தது, கண் கலங்கவும் செய்தது.

அப்போதுதான் அனஸ் பூட்ஸ் காலோடு புது மெத்தை ஒன்றின்மேல் ஏறிக் குதித்தான். பிளாஸ்டிக் உறை சடசடத்தது.

"டேய் அனஸ்! இறங்குடா கீழ! பூட்ஸோட ஏறுவாங்களா?"

சொன்ன பிறகுதான் ஷவ்கிக்கு உறைத்தது. மூன்று வருஷத்தில் அவன் பிள்ளையை அதட்டியதே இல்லை. பெஞ்சுக்கு வரும் எந்தத் தகப்பனும் அதட்ட மாட்டான். கிடைத்த மூன்று மணி நேரத்தையும் அழுகையில் விட யாருக்கு மனசு வரும்? பையன் அசையாமல் நின்று அவனை உற்றுப் பார்த்தான். இனி என்ன, அழப்போகிறான், எல்லாம் போச்சு என்று நினைத்தான் ஷவ்கி.

அனஸ் கீழே இறங்கினான். உட்கார்ந்து இரண்டு பூட்ஸையும் கழற்றினான். ஒழுங்காகச் சேர்த்து வைத்தான்.

"கேட்டுட்டானே!" என்றாள் இப்திஹால் வியந்து. "நான் பத்துத் தடவ கத்தினாலும் கேக்க மாட்டான்."

பூட்ஸ் இல்லாத காலோடு அனஸ் சோபாவுக்கு நடந்து வந்தான். "தள்ளி உக்காரு, பாபா," என்றான். ஷவ்கி நகர்ந்தான். பையன் ஏறி, அவன் தொடையில் தலையை வைத்துக்கொண்டு, பதினோரு மாடிக் கட்டிடத்தில் லிஃப்ட் எவ்வளவு உயரம் போகும் என்று கேட்க ஆரம்பித்தான். கேள்வி முடியவில்லை. வாயைத் திறந்தபடியே தூங்கிப்போனான்.

ஷவ்கி மூச்சைப் பிடித்துக்கொண்டான். தோட்டத்தில் எந்தப் பிள்ளையும் தூங்காது, அந்த பெஞ்சில் தூங்க முடியாது. தன் மகன் தூங்கி அவன் கடைசியாகப் பார்த்தது எட்டு மாதக் குழந்தையாக இருந்தபோது. அதே மாதிரிதான் இப்போதும் தூங்கினான், ஒரு கையை முஷ்டியாக மடக்கிக்கொண்டு. தொடை சூடாகி, பிறகு மரத்துப்போனது. அவன் அசையவே இல்லை. ரீம் வந்து மறு பக்கம் சாய்ந்துகொண்டு, மீதி ஆரஞ்சுச் சுளைகளை ஒவ்வொன்றாகத் தின்றாள். உலகத்தில் இனி ஒன்றும் வேண்டாம் என்று அவனுக்கு இருந்தது.

எதிர்ச் சுவரில் விற்பனைக்கு மாட்டியிருந்த கடிகாரங்களில் ஒன்றுதான் ஓடியது. அது ஐந்துக்கு இரண்டு நிமிடம் காட்டியது. ஷவ்கி அதைப் பார்த்தான். பார்க்காத மாதிரி இருந்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது.

"அஞ்சாகப் போகுது," என்றான் தாழ்ந்த குரலில். "எழுப்பட்டுமா?"

இப்திஹால் ஜன்னல் பக்கம் நின்றிருந்தாள். கீழே தெருவில் கடற்கரையிலிருந்து திரும்புகிற கூட்டம் பந்தும் பாயுமாகச் சிரித்துக்கொண்டு போயிற்று. மாலை வெயில் அவள் முகத்தில் முழுசாக விழுந்து, அவளால் கண்ணைத் திறக்கவே முடியவில்லை. கையால் மறைத்துக்கொண்டு திரும்பி, தகப்பன் மடியில் கிடந்த பையனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இந்த மழையில பிள்ளைய எழுப்பி எங்க கூட்டிட்டுப் போறது?" என்றாள். "தூங்கட்டும்."